கனகம்மாசத்திரம் எந்த நாட்டில் இருந்தது?



போன இதழில் பழைய கிரேக்கத்தின் பியோஷியா வட்டாரத்தைப் பற்றி ஆறு பக்கம் போட்டிருந்தோம். பாராட்டி நிறைய கடிதங்கள் வந்தன. அவற்றின் நடுவே ஓர் அஞ்சலட்டை, கனகம்மாசத்திரத்திலிருந்து. எழுதியவர் ஓய்வு பெற்ற ஆசிரியர் என்பதைக் கையெழுத்தே சொல்லிவிடுகிறது. ஒவ்வோர் எழுத்தும் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி நின்றது. "ஐயா, பியோஷியா ஏதென்சுக்கு வடக்கே இருந்ததெனத் தெரிந்துகொண்டேன். மிக்க நன்றி. எங்கள் கனகம்மாசத்திரம் எந்த நாட்டில் இருந்தது என்றும் ஒருநாள் எழுதுவீர்களா?"

அவ்வளவுதான் கடிதம். அந்த 'மிக்க நன்றி'யில் கொஞ்சம் குத்தலும் இருக்கிறது; வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போன ஞாயிறு திருவள்ளூர் வழியாகப் போய் அங்கே இறங்கினேன்.

இறங்கிய இடத்திலேயே பாடம் தொடங்கிவிட்டது. பூக்கூடையோடு நின்ற ஒரு பாட்டி, நகர்ந்துகொண்டிருந்த வண்டியின் நடத்துநரைப் பார்த்து, "ஏம்பா, திருத்தணி பஸ்ஸு போயிடுச்சா?" என்று கேட்டார். "வெள்ளிப்போயிந்தம்மா" என்று பதில் வந்தது. பாட்டி அந்தப் பதிலை மொழிபெயர்த்துக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. "போனாப் போவுது" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வேங்கட மலைக்கு அப்பால் இருப்பதைச் சங்கப் புலவர்கள் 'மொழிபெயர் தேயம்' என்றார்கள். மொழி பெயர்கிற, அதாவது மாறுகிற நாடு. பொருள் தேடப் போன தலைவன் அந்தத் தேயத்தில் இருக்கிறான் என்றால், இங்கே தலைவி வாட வேண்டியதுதான். பிற்காலத்தில் மொழிபெயர்ப்பு என்று நாம் சொல்லத் தொடங்கிய சொல்லின் வேர் அந்தப் பாலைத் திணைப் பாட்டுகளில் கிடக்கிறது. கனகம்மாசத்திரம் வேங்கடத்துக்கு இந்தப் பக்கம். ஆனால் மொழி எந்த இடத்தில் பெயர்கிறது என்று யாராலும் கோடு கிழித்துக் காட்ட முடியாத பக்கம். தமிழ்ப் பலகையில் 'கண்டிகை' என்று முடியும் ஊர்ப்பெயர்கள், நகரியைத் தாண்டினால் 'கண்ட்ரிகா' என்று முடிகின்றன.

ஆசிரியர் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் எழுதலாம்: தொண்டை மண்டலம். அவருக்கு அது தெரியாமல் இருக்காது. கிரேக்க ஊருக்கு ஆறு பக்கம் என்றால் எங்களுக்கு எத்தனை என்பதுதான் அட்டையின் உண்மையான கேள்வி.

தொண்டை நாட்டின் எல்லையைச் சொல்லும் பழைய தனிப்பாட்டு ஒன்று உண்டு. கம்பர் பேரில் வழங்குவது. மேற்கே பவளமலை, வடக்கே வேங்கடம், கிழக்கே கடல், தெற்கே பினாகி என்கிற பெண்ணையாறு, பரப்பு இருபது காதம். ஒரு வெண்பாவுக்குள் ஒரு நில அளவைத் துறையே அடங்கிவிட்டது. இதற்குள் 24 கோட்டம், 79 நாடு என்பது வழக்கு. புழல், ஈக்காடு, தாமல், ஊற்றுக்காடு, களத்தூர், பையூர், படுவூர், வேங்கடம் என்று போகிறது கோட்டங்களின் பட்டியல். புழலை இன்று சிறைச்சாலைக்கும் ஏரிக்கும் அறிவோம்; ஈக்காடு திருவள்ளூரை ஒட்டிய ஊர். நகரி, திருத்தணிப் பக்கம் கல்வெட்டுகளில் குன்றவர்த்தனக் கோட்டம் என்று வரும். குன்றுகள் பெருகிய கோட்டம். திருத்தணி மலைமேல் நின்று வடக்கே பார்த்தவர்களுக்கு அந்தப் பெயருக்கு உரை வேண்டாம்.

பியோஷியாவிலும் இப்படி ஒரு பிரிவு இருந்தது. 11 பகுதிகள், ஒவ்வொன்றும் கூட்டமைப்பின் படைக்கு ஆயிரம் காலாட்களும் நூறு குதிரைகளும் தர வேண்டும், பேரவைக்கு அறுபது பேரை அனுப்ப வேண்டும். நம் கோட்டங்களுக்கு அப்படி ஓர் அரசியல் கணக்கு இருந்ததாகச் சொல்ல முடியாது. நம்முடையது வேறு வகைக் கணக்கு, தண்ணீர்க் கணக்கு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், கிரேக்கர்கள் நம்மை என்னவென்று அழைத்தார்கள் என்று பார்த்துவிடலாம். பியோஷியாவைப் பற்றி நாம் எழுதினோம் என்றால் அவர்களும் நம்மைப் பற்றி எழுதித்தான் இருக்கிறார்கள், பதினெட்டு நூற்றாண்டு முந்திக்கொண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்து தாலமி தொகுத்த புவியியல் நூலில், இந்தக் கடற்கரையில் 'அருவார்நோய்' என்று ஒரு மக்கள் வருகிறார்கள். நோய் என்றதும் பதற வேண்டாம். அந்த 'ஓய்' கிரேக்கப் பன்மை விகுதி. அருவா நாட்டார் என்பதைத்தான் அவர் அப்படிக் கேட்டிருக்கிறார் என்று அறிஞர்கள் பொருத்துகிறார்கள். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரண்டு நாடுகள் என்று இலக்கண உரையாசிரியர்கள் எண்ணும்போது அருவா நாடு, அருவா வடதலை என்று இரண்டு வரும். அவை இந்தப் பக்கத்து நாடுகள். தெலுங்கர்கள் பழைய நாளில் தமிழை 'அரவம்' என்றதும் இந்தச் சொல்லிலிருந்துதான் என்று ஒரு கருத்து உண்டு. தாலமியின் 'மாலியார்ஃபா' மயிலாப்பூர் என்பதைப் பலரும் ஒப்புகிறார்கள். அவருடைய 'ஆர்க்காட்டோஸ்' ஆற்காடுதானா என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். தாலமி இங்கே வந்தவர் இல்லை. மாலுமிகள் சொன்னதைக் கேட்டுக் கணக்குப் போட்டவர். அதனால் அவர் வரைபடத்தில் இந்தியாவின் தெற்கு முனை காணாமல் போய், கரை கிட்டத்தட்ட நேர்க்கோடாகப் படுத்துவிட்டது. இலங்கை பத்து மடங்குக்கு மேல் ஊதிவிட்டது. ஊர்ப்பெயர்களை இவ்வளவு சரியாகக் கேட்ட காது, உருவத்தை இவ்வளவு தப்பாக வாங்கியிருக்கிறது. பியோஷியாவைப் பற்றிய எங்கள் வரைபடத்தில் இரண்டு ஊர்கள் இடம் மாறியிருந்ததைச் சுட்டிக்காட்டிய வாசகர், தாலமியை நினைத்து எங்களையும் மன்னிக்க வேண்டும்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். தொண்டை மண்டலத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. பாலாறு, செய்யாறு, ஆரணியாறு, கொசஸ்தலையாறு, கூவம் எல்லாம் மழையை நம்பிய ஆறுகள். வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டிவிட்டுப் போகும். பிறகு மணல்தான். காவிரி மாதிரி ஓர் அம்மா இல்லாத வீடு இது; பிள்ளைகள் தாங்களே உலை வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார்கள். விழுகிற மழையை மண்கரை கட்டி மடக்கி, மதகு வைத்துப் பிரித்து, மிஞ்சியதைக் கலங்கல் வழியாக அடுத்த ஊர் ஏரிக்கு அனுப்பினார்கள். இன்றும் விமானத்தில் சென்னைக்கு இறங்கும்போது கீழே பாருங்கள்: பிறை பிறையாக ஏரிகள், ஒன்றின் வால் இன்னொன்றின் தலையில். அரக்கோணம் பக்கத்து மகேந்திரவாடியில் 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் ஏரி வெட்டி, அதன் கரையருகே ஒரே பாறையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் எடுத்தான். ஏரிக்கு மகேந்திர தடாகம் என்று தன் பெயரையே வைத்துக்கொண்டான். அரசனாக இருந்தும் ஏரிக்குப் பெயர் வைப்பதில் ஆசை! எனக்கு அது பிடித்திருக்கிறது.

பியோஷியாவின் நடுவிலும் ஓர் ஏரி இருந்தது, கோப்பாயிஸ். அதன் விலாங்குமீனுக்கு ஏதென்ஸ் சந்தையில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். நாடக ஆசிரியர் அரிஸ்டோஃபனிஸ் அதை வைத்தே சிரிப்பு மூட்டியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ஏரியை வடிக்கத் தொடங்கி, இன்று அது வயல். அங்கே நீரை வெளியேற்றினால்தான் விளையும். இங்கே நீரைப் பிடித்து வைத்தால்தான் விளையும். அங்கே செய்ததை இங்கேயும் செய்து, ஏரியை வடித்து வீட்டுமனை போட்டவர்களைப் பற்றி இன்னொரு இதழில் எழுதுகிறேன். அதற்கு இந்தப் பக்கம் போதாது, என் இரத்த அழுத்தமும் இடம் தராது.

கொசஸ்தலையாற்றுப் படுகையைப் பற்றி ஒரு வார்த்தை. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார்கள். சாந்தி பப்புவின் குழு 1999 முதல் அங்கே அகழ்ந்து, அந்தக் கருவிகளில் மிகப் பழையவற்றுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் வெளியிட்டது. பியோஷியா, பல்லவன், தாலமி எல்லாரும் அந்தக் கணக்கில் நேற்று மாலை வந்தவர்கள். கனகம்மாசத்திரத்துக்கு வரும் வழியில் சுங்கச்சாவடிக்காக மட்டும் நாம் அறிந்திருக்கும் பட்டரைப்பெரும்புதூரிலும் மாநிலத் தொல்லியல் துறை 2015–16இல் அகழ்ந்தது. கற்கருவி முதல் உறைகிணறு வரை ஒரே ஊரில் அடுக்கடுக்காகக் கிடைத்தன. அடுத்த முறை சாவடியில் வண்டி வரிசை நகராமல் நின்றால், எரிச்சல்படுவதற்கு முன் காலடியை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

இனி ஆசிரியர் ஐயாவின் பக்கத்து ஊரான திருவாலங்காட்டுக்கு வருகிறேன். நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை. காரைக்காலம்மையார் தலையால் நடந்து வந்து சேர்ந்த இடம். 1905இல் இங்கே கிடைத்த செப்பேட்டுத் தொகுதி சோழ வரலாற்றின் பெரும் புதையல்களில் ஒன்று. 31 ஏடுகள், ஒரு வளையத்தில் கோத்து, அதன்மேல் சோழ முத்திரை. வடமொழிப் பகுதி சோழர் வம்சாவளியைப் பாடி, இராசேந்திரனின் படை கடல் கடந்து கடாரம் கொண்டது வரை வருகிறது. வரலாற்று நூல்களெல்லாம் மேற்கோள் காட்டுவது அதைத்தான். எனக்கு ருசிப்பது தமிழ்ப் பகுதி. இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டில், சயங்கொண்டசோழ மண்டலத்து மேல்மலைப் பழையனூர் நாட்டுப் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்த ஆவணம் அது. (சயங்கொண்டசோழ மண்டலம் என்பது தொண்டை மண்டலத்துக்குச் சோழர் இட்ட புதுப்பெயர். மக்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது, இன்று எந்தப் பெயர் வாழ்கிறது என்று பார்த்தாலே தெரியும்.)

எல்லையை எப்படி நிறுத்தினார்கள் தெரியுமா? ஒரு பெண் யானையை ஊரைச் சுற்றி நடக்கவிட்டார்கள். பிடி சூழ்தல், பிடாகை நடத்தல் என்பார்கள். யானை முன்னே நடக்க, நாட்டாரும் அதிகாரிகளும் பின்னே நடந்தார்கள். இந்த ஏரிக்கு மேற்கு, இந்த வாய்க்காலுக்குத் தெற்கு என்று அடி அடியாகச் சொல்லி, கல்லும் கள்ளியும் நாட்டி, அதைச் செம்பில் வெட்டினார்கள். யானை நடந்த வழியைத் தகராறு செய்ய யாருக்குத் துணிவு வரும்? பிறகு ஒருவன் வரப்பை அரை முழம் தள்ளிப் போட்டால், "யானை இங்கே நடந்ததை எங்க தாத்தா பார்த்தாரே" என்று சொல்ல ஊரே சாட்சி.

பழையனூர் என்றதும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் செப்பேட்டுக்கு முன்னால் நீலி நினைவுக்கு வந்துவிடுவாள். பேய் என்று தெரியாமல் அவளுக்காக ஒருவனுக்கு உயிர்ப் பிணை சொல்லி, அவன் செத்ததும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கிய எழுபது வேளாளரின் கதை. தொண்டை நாட்டைப் பற்றி ஔவை பேரில் ஒரு வெண்பா உண்டு: சேரநாடு யானைக்கு, சோழநாடு சோற்றுக்கு, பாண்டிநாடு முத்துக்கு, தொண்டை நாடு சான்றோருக்கு. அந்தச் சான்றோர் யார் என்று கேட்டால் இங்கே பழையனூரைக் கைகாட்டுவார்கள். பியோஷியாவின் கதை நேர்மாறு. ஏதென்ஸ்காரர்கள் பியோஷியர்களை மந்தபுத்திக்காரர்கள், பன்றிகள் என்று கேலி செய்தே காலம் கழித்தார்கள். அந்த 'மந்த' ஊரிலிருந்துதான் உழவைப் பாடிய ஹெசியட், பிண்டார், புளூட்டார்க் மூவரும் வந்தார்கள். பக்கத்து ஊர்க்காரன் தரும் சான்றிதழை நம்பி வரலாறு எழுதக்கூடாது. ஔவை நமக்கு நல்லதாகக் கொடுத்துவிட்டாள், நாம் பிழைத்தோம்.

போர்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே சமவெளியாக இருந்தால் யார் சண்டையும் உன் வயலில்தான் நடக்கும். பியோஷியாவில் பிளாட்டேயா, லூக்ட்ரா, கேரோனியா. நம்மிடம் காஞ்சிக்குப் பக்கத்துப் புள்ளலூர்: மகேந்திரவர்மன் அங்கே பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு சொல்லும், அதே பக்கத்தில் 1780இல் ஐதரின் படை ஆங்கிலேயத் தளபதி பெய்லியை மடக்கியது. அரக்கோணத்தருகே தக்கோலத்தில் 949இல் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேலிருந்தபடியே மாண்டான். 'ஆனைமேல் துஞ்சினார்' என்று அவனைக் கல்வெட்டுகள் நினைவுகூரும். 1751இல் ஆற்காடு, 1760இல் வந்தவாசி. ஆட்சி கைமாறியதற்கு மண்ணே வைத்திருந்த சாட்சி ஒன்று 1977இல் திருத்தணிக்கு அருகே வேளஞ்சேரியில் வெளிப்பட்டது: கடைசிப் பல்லவன் அபராசிதன் செப்பேடும், அவன் நாட்டை வென்ற சோழக் குடியின் முதல் பராந்தகன் செப்பேடும் ஒரே இடத்தில் கிடைத்தன. தோற்றவனும் வென்றவன் மகனும் ஆயிரம் ஆண்டு ஒன்றாகத் தூங்கியிருக்கிறார்கள். அந்த அபராசிதன் காலத்தில்தான் திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலை நம்பி அப்பி என்பவர் கல்லால் எடுத்தார். அதற்கு அரசனே வெண்பா பாடிக் கல்லில் வெட்டினான்.

சத்திரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இவ்வளவும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், சர்வேயா?"

"இல்லீங்க ஐயா, பத்திரிகை. இந்த ஊரு முன்னாடி எந்த நாட்டுல இருந்துச்சுன்னு எழுதறேன்."

"எந்த நாடு இன்னா... நான் பொறந்தப்ப சித்தூர் ஜில்லா. ஆந்திரா. பள்ளிக்கூடத்துல கூட ரெண்டு பாஷை. அப்புறம் செங்கல்பட்டுன்னாங்க. இப்ப திருவள்ளூர். நான் எங்கியும் போவல தம்பி, ஊடு அதே ஊடுதான்."

தாலமியிலிருந்து தொடங்கி நான் சுற்றிய சுற்றை அவர் ஒரு டம்ளர் டீக்குள் முடித்துவிட்டார். அந்தக் கணக்கைத் தேதியோடு எழுதினால் இப்படி வரும். திருத்தணிப் பக்கம் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் உருவானபோது அதோடு போயிற்று. அப்போது எல்லாமே சென்னை மாகாணம், யாருக்கும் வலிக்கவில்லை. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிரிந்தபோதுதான் அந்தக் கோடு மாநில எல்லையாகிச் சுருக்கென்றது. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் வடக்கெல்லைப் போரில் இறங்கியது. இந்தப் பக்கத்துத் தமிழாசிரியர் மங்கலங்கிழார் ஊர் ஊராகத் தமிழ் சொல்லிக்கொடுத்தே அதற்கு ஆள் சேர்த்து வைத்திருந்தார். மறியல், சிறை, சிறையில் போன உயிர்கள். கடைசியில் படாஸ்கர் நடுவராக வந்து, கிராமத்தை அலகாகக் கொண்டு, எந்த மொழி பேசுவோர் அதிகம், ஊர் நிலத்தொடர்ச்சியோடு இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்தார். திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. நாள் 1960 ஏப்ரல் 1. போனதும் ஏப்ரல் 1, வந்ததும் ஏப்ரல் 1. நிதியாண்டுக் கணக்கு என்று தெரிந்தாலும் சிரிப்பு வரத்தான் செய்கிறது. திருப்பதி கேட்டோம், திருத்தணி கிடைத்தது என்று சொல்வோர் உண்டு. சத்திரத்து டீக்கடையில் அப்படிச் சொல்லிப் பாருங்கள். "எங்களுக்குத் திருத்தணிதான் திருப்பதிக்கு மேல" என்பார்கள்.

திருவாலங்காட்டுச் செப்பேடு கிடைத்தபோது ஊர் வட ஆற்காடு. 1920இல் கிருஷ்ண சாஸ்திரி அதைப் பதிப்பித்தபோது சித்தூர். 1960க்குப் பின் செங்கல்பட்டு. 1997 முதல் திருவள்ளூர். செம்பில் மட்டும் இன்னும் மேல்மலைப் பழையனூர் நாடு.

பெரியவர் எழுந்து போகும்போது கேட்டார்: "பொஸ்தகத்துல யானை நடந்ததையும் போடுவியா?" நான் எழுதியதை ஓரக்கண்ணால் படித்திருக்கிறார். "கட்டாயம் போடறேங்க" என்றேன். "அப்ப எங்க ஏரி கலங்கலையும் போடு. கரைமேல ஒரு கல்லு கீது. இன்னா எழுத்துன்னு ஒருத்தனுக்கும் தெரியல."

மாலை வெயிலில் அவரோடு போய்ப் பார்த்தேன். பாதி மண்ணுக்குள் புதைந்த கல். மேலே தெரிந்த இரண்டு வரிகளை விரலால் தடவினேன். தமிழா, தெலுங்கா என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. படம் எடுத்துக் கல்வெட்டு படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவருக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் ஆசிரியர் ஐயாவுக்கு முதலில் ஓர் அஞ்சலட்டை, பிறகு உங்களுக்கு.

அதுவரை உங்களிடம் ஒரு வேலை. உங்கள் ஊர் ஏரிக்கு என்ன பெயர், அதன் தண்ணீர் எந்த ஊர் ஏரியிலிருந்து வருகிறது, கலங்கல் வழிந்தால் எந்த ஊருக்குப் போகிறது என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பியோஷியாவுக்குக் கொடுத்த அதே ஆறு பக்கத்தைத் தொண்டை மண்டலத்துக்கு ஒதுக்கிவிட்டேன். இந்த முறை வரைபடத்தில் ஊர்கள் இடம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்